டேக் ஆஃப் நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன நடக்கும்?

[காட்சி: விமானி அறை. ஓடுபாதையின் நடுக்கோடு கண்ணாடியை நோக்கி வேகமாக ஓடி வருகிறது.]

விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. கேப்டனின் ஒரு கை இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவரின் மேலேயே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. நிறுத்துவதா, பறப்பதா?

துணை விமானி சற்று முன் என்ன வேகம் சொன்னார் என்பதைப் பொறுத்தது அது. பல விமானங்களில் 80 நாட், சிலவற்றில் 100 நாட் ஒரு எல்லை. 80 நாட் என்றால் மணிக்குச் சுமார் 148 கிலோமீட்டர். அதற்குள் என்றால் சின்னக் கோளாறுக்கும் நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் இன்ஜின் செயலிழப்பு, தீ, விமானம் பறக்கவே பறக்காது என்ற சந்தேகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான்.

ஏன் இந்தக் கண்டிப்பு? வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அத்தனையும் வெப்பமாக மாறி, பிரேக் தகடுகள் செக்கச் சிவந்துவிடும். டயர் வெடிக்காமல் இருக்க, சக்கரத்தில் ஒரு சிறிய அடைப்பான் வைத்திருக்கிறார்கள். சூடு அளவு மீறினால் அது உருகி, காற்றை மெல்ல வெளியே விட்டுவிடும்.

[காட்சி: சிவந்து ஒளிரும் பிரேக், மெல்ல அமுங்கும் டயர்.]

சரி, விளக்கே எரியாவிட்டால்? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஏர்பஸ் ஏ320 விமானம் 80 நாட்டைத் தாண்டியதும், 1,500 அடி உயரம் போகும்வரை, அவசரமில்லாத எச்சரிக்கைகளைத் தானே அடக்கி வைத்துக்கொள்ளும். விமானியின் கவனம் சிதறக் கூடாதே! மேலே போனபிறகு நிதானமாகச் சொல்லும்.

அப்புறம் வி ஒன். விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் கணக்கிடும் வேகம் இது. அதற்குப் பிறகு பிரேக் போட்டால் மிச்சமுள்ள ஓடுபாதை போதாமல் போகலாம். அதனால் "வி ஒன்" என்ற குரல் கேட்டதும் கேப்டன் லீவரிலிருந்து கையை எடுத்துவிடுவார். இனி பறப்பதுதான். பழக்கத்தில் கை தவறிக்கூட லீவரை இழுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

[காட்சி: லீவரை விட்டு விலகும் கை.]

இதையும் மீற வேண்டிய நாள் ஒன்று வந்தது. 2017 மார்ச் 8, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள வில்லோ ரன் விமான நிலையம். ஓர் எம்டி-83 விமானம் வி ஒன்னைத் தாண்டிவிட்டது. விமானி மூக்கைத் தூக்க இழுக்கிறார், அது எழவில்லை. நிறுத்தி வைத்திருந்தபோது அடித்த பலத்த காற்றில் வால் பகுதியில் மூக்கை ஏற்றி இறக்க உதவும் அசையும் தகடான எலிவேட்டர் சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல எந்த விளக்கும் எரியவில்லை. கைக்குக் கிடைத்த உணர்வை நம்பி அவர் நிறுத்தினார். பக்கத்தில் இருந்த பயிற்றுவிக்கும் விமானியும் குறுக்கே கை வைக்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி நின்றது. உள்ளே இருந்த 116 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.