எட்டடி வேலிக்குள் ஒரு மான்

நேயர்களுக்கு வணக்கம். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனவன் நான். அங்கே பல வருடங்கள் எனக்கு மான்களோடுதான் வேலை. மான் என்றதும் காடு உங்கள் நினைவுக்கு வரும். டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. அங்கே மான் என்றால் பண்ணை, ராஞ்ச் என்பார்கள். ஆயிரம் ஏக்கர், ஐயாயிரம் ஏக்கர் என்று வளைத்து, சுற்றிலும் எட்டடி உயரத்துக்குக் கம்பி வலை அடித்திருப்பார்கள். மாட்டுக்குப் போடும் வேலி நம் நெஞ்சு உயரம்தான் இருக்கும். வெள்ளைவால் மான் அதை ஒரே தாவில் தாண்டிவிடும். அதனால்தான் எட்டடி. காசு கட்டினால் இந்த வேலிக்குள் போய் மானைச் சுடலாம். அது சரியா, தப்பா? இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நான் வேட்டைக்கு எதிரியில்லை. மான் கறி சாப்பிட்டிருக்கிறேன், நண்பர்களோடு வேட்டைக்கும் போயிருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நவம்பர் மாதம், வேட்டைக் காலம் தொடங்கிய வாரம். ஒரு பண்ணையில் சுட்ட மான்களின் தலையிலிருந்து நோய்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப் போயிருந்தேன். தொண்டைக்குப் பின்னால் இரண்டு நிணநீர் முடிச்சுகள் இருக்கும், அவற்றை அறுத்து எடுத்து அனுப்ப வேண்டும். வண்டியில் ஒரு பெரிய ஆண் மானைக் கொண்டுவந்தார்கள். கொம்பு அப்படி விரிந்திருந்தது. சுட்டவரும் கூடவே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பென்சில்வேனியாக்காரர். கையில் அவருடைய அப்பாவின் பழைய துப்பாக்கி. சின்ன வயதில் அப்பாவோடு அரசாங்கக் காட்டில் மூன்று வருடம் அலைந்து ஒரு மானைக்கூடப் பார்க்காமல் திரும்பிய கதையை என்னிடம் சொன்னார். அன்று காலை விடியும்போது பரணில் உட்கார்ந்திருக்கிறார். அரை மணி நேரத்தில் இந்த மான் வந்து நின்றிருக்கிறது. சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. உண்மையான சந்தோஷம்.

நான் தலையைத் திருப்புவதற்காக மானின் காதைப் பிடித்தேன். விரலில் ஒரு ஓட்டை தட்டியது. பென்சில் நுழையும் அளவு. விளிம்பெல்லாம் ஆறி, வழவழவென்று இருந்தது. நம் ஊரில் மாட்டுக்கு எண் போட்டுக் காதுவில்லை அடிக்கிறோம் இல்லையா, அந்த வில்லையைக் கழற்றிய ஓட்டை. அவரும் பார்த்துவிட்டார். அது என்ன என்று கேட்டார். காதுவில்லை இருந்த இடம் என்று சொன்னேன். பண்ணை ஆளைத் திரும்பிப் பார்த்தார். இது எப்போது வெளியே வந்தது? செப்டம்பரில் திறந்துவிட்டோம் என்றார் அந்த ஆள். அதுவரைக்கும் அந்த மான் கொட்டிலில் இருந்திருக்கிறது. மனிதன் வந்தால் தீனி வரும் என்று பழகிய மான். பென்சில்வேனியாக்காரர் வேறொன்றும் கேட்கவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டு மூடினார். அதுவரை ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

பலரும் என்னிடம், எத்தனை ஏக்கர் இருந்தால் வேலி வேட்டை நியாயம் என்று கேட்கிறார்கள். ஏக்கரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் நான் இத்தனை வருடத்தில் கண்டது. ஒரு மான் அன்றாடம் புழங்கும் இடம் சுமார் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் ஏக்கர் பண்ணையில் பிறந்து, தாயோடு திரிந்து, மனித வாடை பட்டாலே ஓடக் கற்ற மான் வேலியைப் பெரிதாகச் சட்டை செய்யாது. அதைத் தேடிப் போகிறவன் பத்து நாள் அலைந்தும் வெறுங்கையோடு திரும்பலாம். அதே ஐயாயிரம் ஏக்கரில் போன மாதம் கொட்டிலிலிருந்து விட்ட மான் எங்கே நிற்கும்? தீனி விழும் இடத்தில் நிற்கும். அங்கே மக்காச்சோளத்தைப் பீப்பாயில் நிரப்பிக் கடிகாரம் வைத்திருப்பார்கள். விடியற்காலையும் சாயங்காலமும் கடகடவென்று சுழன்று சோளம் சிதறும். அந்தச் சத்தம் கேட்டால் மான் வரும். எதிரே பரண். வேலி இல்லாத பண்ணையிலும் இந்தப் பீப்பாய் உண்டு, சட்டம் அனுமதிக்கிறது. ஆக, வேலி மட்டுமே குற்றவாளி இல்லை. மான் மனிதனுக்குப் பயப்படக் கற்றதா, இல்லையா? அதைத்தான் கேட்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், அந்தக் காது ஓட்டைதான் எனக்கு அளவுகோல்.

இன்னொன்று, விலை. பல பண்ணைகளில் கொம்பின் அங்குலக் கணக்குக்குத்தான் பணம். இந்த அங்குலம் அளக்கும் முறை பூன் அண்ட் கிராக்கெட் கிளப் வகுத்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய வேட்டைக்காரர் சங்கம் அது. விலங்குக்குத் தப்பிக்க வழி இருக்க வேண்டும், அதுதான் நேர்மையான வேட்டை என்பது அவர்கள் கொள்கை. தப்ப முடியாத வேலிக்குள் சுட்ட மானை அவர்கள் பதிவேட்டில் சேர்ப்பதே இல்லை. அந்த அளவுகோலை மட்டும் பண்ணைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், கொள்கையை விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. சுடுவதற்கு முன்பே எந்த மான், என்ன விலை என்று பேசி முடித்துவிட்டால் அங்கே தேடலுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

பண்ணைக்காரர்கள் சொல்வதையும் நான் சொல்ல வேண்டும், அதில் பொய் இல்லை. டெக்சாஸில் ஓநாய்களை அழித்துவிட்டார்கள். மானைக் குறைக்க ஆள் இல்லை. கூட்டம் பெருகினால் புதரெல்லாம் மொட்டையாகும், குளிர்காலத்தில் குட்டிகள் பட்டினியில் சாகும். வேட்டைக் காசு வரவில்லையென்றால் நிலம் வீட்டு மனையாகிவிடும், அப்போது மானும் இல்லை, பறவையும் இல்லை. கண்ணெதிரே அப்படி மனையான நிலங்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நம் புள்ளிமான். கெர்வில் ஊரைத் தாண்டி ஒரு சாயங்காலம் காரில் போகிறேன். ஓக் மரத்தடியில் புள்ளிமான் கூட்டம்! கிண்டிப் பூங்காச் சுவருக்குப் பக்கத்தில் இரவில் கேட்டிருக்கிறேனே, ஆண் மான் அடித்தொண்டையிலிருந்து கத்தும் கரகரத்த சத்தம், அதே சத்தம். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன். 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோனது. நம் வெளிமானும் அங்கே ஏராளம். அந்த மாநிலச் சட்டத்துக்கு இவை ஆடு மாடு மாதிரி. வேட்டைக் காலமும் கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தொட்டால் சிறை. வேலியைத் தாண்டிப் போன புள்ளிமான்கள் இப்போது காட்டில் பெருகி, அந்த மண்ணின் மானுடைய இரையைத் தின்கின்றன. அவற்றைச் சுடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொட்டிலில் வளர்த்த மானைச் சுடுவதில்தான் ஆட்சேபம்.

வெள்ளைவால் மான் விஷயம் வேறு. அது மாநில மக்களின் சொத்து. கொட்டிலில் வளர்த்தாலும் அப்படித்தான் என்று ஆஸ்டினில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. மக்கள் சொத்தை வேலி போட்டு அங்குலக் கணக்கில் விற்பது...

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நோயைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் ஒரு நோய், 1967-இல் கொலராடோவில் அடைத்து வைத்திருந்த மான்களில் முதலில் கண்டது. டெக்சாஸில் 2015-இல் மெடினா மாவட்டத்து வளர்ப்புக் கொட்டிலில் வந்தது. மருந்து இல்லை. நோயைப் பரப்பும் பொருள் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். வளர்த்த மானை லாரியில் ஏற்றி ஊர் ஊராக விற்கும்போது நோயும் கூடப் போகிறது. வேலிக்கு இருபுறமும் மூக்கோடு மூக்கு உரசினாலே போதும். மனிதருக்கு வந்ததாகத் தெரியவில்லை, ஆனால் நோயுள்ள கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது மருத்துவத் துறையின் அறிவுரை. மொன்டானா மாநில மக்கள் 2000-இல் வாக்கெடுப்பு நடத்தி, வளர்ப்புப் பண்ணையில் காசு வாங்கிச் சுடவிடுவதையே தடை செய்தார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளைகளை நண்பர்கள் இப்படி ஒரு பண்ணைக்குக் கூப்பிட்டால், பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்த மான் எங்கே பிறந்தது? கொட்டிலிலிருந்து வந்ததென்றால் எந்த மாதம் திறந்துவிட்டீர்கள்? நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.