மொய் நோட்டும் சர்வர் பில்லும்: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இம்முறை வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. ஆகவே மற்றவற்றை அடுத்த வாரத்திற்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “வேலை நேரம் போக மீதி நேரத்தில் கணினி விளையாட்டு உருவாக்குபவர்களுக்காக நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு தளம் நடத்துகிறோம். உறுப்பினர்கள் ஆயிரம் பேரைத் தாண்டிவிட்டார்கள். சர்வர் செலவை எங்கள் சம்பளத்திலிருந்து கட்டுகிறோம். தளத்தைப் பெரிதாக்க விளம்பரம் போடலாமா, நன்கொடை கேட்கலாமா, முதலீட்டாளரைத் தேடலாமா?”

கேள்வியில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆனால் தொகை இல்லை. எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் யாரிடம் கேட்பது என்று யோசிப்பதில் பயனில்லை என்பதால், முதலில் செலவைப் பார்ப்போம். உலாவியிலேயே ஆடக்கூடிய ஒரு விளையாட்டு 30 மெகாபைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்தாயிரம் பேர் திறந்தால் உங்கள் சர்வரிலிருந்து 300 கிகாபைட் வெளியே போகிறது. சர்வரை வாடகைக்கு விடும் பெரிய கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகும் தரவுக்குக் கிகாபைட்டுக்குச் சுமார் 9 சென்ட் என்று விலை வைத்திருக்கும் இடத்தில், அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் 27 டாலர் ஆகிவிடும். வெளியே போகும் தரவுக்குக் கட்டணமே வாங்காத சேமிப்புச் சேவைகளும் இருக்கின்றன. அங்கே மாற்றிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

சின்னஞ்சிறு விளையாட்டுகளைச் செய்யவும் ஆடவும் உதவும் பிக்கோ-8 என்ற மென்பொருளைப் பற்றி முன்பே ஒரு முழுக் காணொளி போட்டிருக்கிறேன், ஆனாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட திரை, 16 நிறங்கள், ஒரு விளையாட்டுக்கு 32 கிலோபைட் இடம். முடித்த விளையாட்டை ஒரு சிறிய படக் கோப்பாகவே பிறருக்குக் கொடுத்துவிடலாம். இதே பத்தாயிரம் பேர் கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள்: கோப்பளவில் மொத்தமே 320 மெகாபைட் வரும். அங்கே ஆடுபவர் யாரும் காசு தர வேண்டியதில்லை. உருவாக்க விரும்புபவர் கருவியை 14.99 டாலருக்கு ஒருமுறை வாங்குகிறார். 2015-இல் இரண்டு பேர் நான்கே நாட்களில் அந்தச் சிறிய திரைக்குள் செய்த ‘செலஸ்ட்’ என்ற விளையாட்டுதான், 2018-இல் அதே பெயரில் முழு விளையாட்டாக வெளிவந்து உலகம் முழுதும் விற்றது.

இப்போது முதலீட்டாளர். இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை காங்கிரகேட் தளத்தின் கதை. 2006-இல் தொடங்கி, விளம்பர வருமானத்தில் ஒரு பங்கை விளையாட்டு செய்தவருக்கே கொடுத்து, பல்லாயிரக்கணக்கான பொழுதுபோக்குப் படைப்பாளிகளை ஈர்த்த தளம் அது. 2010-இல் கேம்ஸ்டாப் என்ற கடைச் சங்கிலி நிறுவனம் அதை வாங்கியது; 2017-இல் ஒரு சுவீடன் நிறுவனத்திற்கு 55 மில்லியன் டாலருக்குக் கைமாறியது; 2020-இல் புதிய விளையாட்டுகளை ஏற்பதை நிறுத்தி, உறுப்பினர்கள் கூடிப் பேசும் அரங்குகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டார்கள். வாங்கியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த அரங்குகள் ஒரு செலவு வரி, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே நியூகிரவுண்ட்ஸ் என்ற இன்னொரு விளையாட்டுத் தளத்தை வைத்துப் பாருங்கள். டாம் ஃபுல்ப் 1995-இல் தொடங்கிய அந்தத் தளம் இன்றும் அவர் கையிலேயே இருக்கிறது. விரும்புபவர்கள் மாதம் 3 டாலருக்குச் சற்றுக் குறைவாகவோ, ஆண்டுக்கு 25 டாலரோ கட்டி ‘ஆதரவாளர்’ ஆகலாம். அவர்களுக்கு விளம்பரம் வராது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் வரும். மற்றபடி பணம் கட்டாதவர் ஆட முடியாத விளையாட்டு என்று எதையும் பூட்டி வைப்பதில்லை. உலாவியில் விளையாட்டுகளை ஓட்டிவந்த பிளாஷ் தொழில்நுட்பத்தை அடோபி 2020 முடிவோடு கைவிட்டபோது, பழைய விளையாட்டுகள் தொடர்ந்து ஓடுவதற்காக ரஃபிள் என்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளுக்கு அந்தத் தளம் ஆதரவு தந்தது.

நான் எங்கே போகிறேன் என்பது பழைய நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், மறுபடியும் மொய் நோட்டுதான். கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, மஞ்சள் தடவிய நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் எழுதுகிறார்களே, அதைவிடத் தெளிவான சமூக நிதித் திட்டத்தை நான் பார்த்ததில்லை. நூற்றொரு ரூபாய் எழுதியவரும் பந்தியில் உட்காருகிறார், ஐயாயிரம் எழுதியவரும் அதே பந்தியில்தான் உட்காருகிறார். எழுதாதவரை எழுப்பிவிடுவதும் இல்லை. நாளைக்குத் தன் வீட்டு விசேஷத்துக்கும் இவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவரும் எழுதுகிறார். இன்று ஒருவருடைய விளையாட்டை ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்பவர், அடுத்த மாதம் தன் விளையாட்டை அவர் ஆடிப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உங்கள் தளத்திற்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு என்ன இருக்கிறது? எனவே பணம் தருபவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணுங்கள், எவ்வளவு என்பதைப் பிறகு எண்ணலாம். நாற்பது பேர் தந்த பன்னிரண்டாயிரத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் முந்நூறு ரூபாய் குறையும்; ஒருவரே தந்த பன்னிரண்டாயிரத்தில் அவர் கோபித்துக்கொண்டால் தளமே நின்றுவிடும்.

எப்படி வாங்குவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்கக் கார்டுப் பரிமாற்றங்களில் 2.9 சதவீதமும் அதன் மேல் 30 சென்டும் பிடித்துக்கொள்வது வழக்கம். மாதம் 2.99 டாலர் வாங்கினால் ஒவ்வொரு முறையும் சுமார் 39 சென்ட் போய்விடும். ஆண்டுக்கு நாலரை டாலருக்கு மேல், அதாவது கட்டிய பணத்தில் 13 சதவீதம். 25 டாலரை ஒரே தடவையாக வாங்கினால் போவது ஒரு டாலர் சொச்சம்தான். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கார்டிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கூடுதல் ஒப்புதல் விதிகளை நடைமுறைப்படுத்தியபோது, பலருடைய வெளிநாட்டுச் சந்தாக்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயின. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, யுபிஐ வழியாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே போல ஒரு சிறு தளம் நடத்தினேன். ஒரு விளம்பர நிறுவனத்தின் நிரலை ஒட்டி வைத்தேன். ஒருநாள் எங்கள் உறுப்பினரான ஓர் ஆசிரியர், தன் மாணவர் செய்த விளையாட்டை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திரையில் போட்டுக் காட்டியபோது, பக்கத்திலேயே சீட்டாட்ட விளம்பரம் பளபளவென்று ஓடியிருக்கிறது. “ஐயா, இனிமேல் இந்தத் தளத்தைப் பள்ளியில் திறக்க மாட்டேன்” என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார். அந்த மாதம் விளம்பரத்தில் வந்தது என் டீக்கடைக் கணக்குக்கே போதவில்லை. ஒரு நிறுவனத்தின் பெயரை நீங்களே பார்த்துத் தேர்ந்து போடுவது வேறு; அதிலும் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுவார்களே, அந்த அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படைப்பாளிகள் தங்கள் விளையாட்டுகளைத் தாங்களே விற்கும் இட்ச் தளத்தின் வழி எனக்கு மிகவும் பிடித்தது. 2013-இல் தொடங்கிய அந்தத் தளம், விற்பனையில் தனக்கு எத்தனை சதவீதம் என்பதை 2015 முதல் விற்பவரிடமே விட்டுவிட்டது. இயல்பாக 10 சதவீதம் என்று குறித்திருக்கும். விற்பவர் அதைப் பூஜ்யமாகவும் வைக்கலாம். 2020 ஜூனில் இனநீதிக்கான அமைப்புகளுக்காக அங்கே ஒரு விளையாட்டுத் தொகுப்பு குறைந்தபட்சம் 5 டாலர் விலையில் வெளியானபோது 80 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்கள் நெருக்கியதால், வயதுவந்தோருக்கான படைப்புகள் அனைத்தையும் அதே தளம் தேடலிலிருந்து நீக்க வேண்டிவந்தது. எத்தனை ஆயிரம் பேர் பணம் தந்தாலும் அது வரும் குழாய் ஒன்றிரண்டுதான் என்றால் குழாய்க்காரர் முதலாளி ஆகிவிடுகிறார். இரண்டு மூன்று வழிகளில் பணம் வரட்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

கேட்கும் நேரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோடோ என்ற, விளையாட்டு உருவாக்க உதவும் திறமூல மென்பொருளை நடத்துபவர்கள் 2023 ஜூலையில் தங்கள் வளர்ச்சி நிதிக்கு ஒரு முறையான வாசலைத் திறந்தார்கள். செப்டம்பர் 12 அன்று, அதே வேலைக்கான மென்பொருளை விற்கும் யூனிட்டி நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்துப் படைப்பாளிகளின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டது. ஆட்கள் கூட்டமாகக் கோடோ பக்கம் திரும்பினார்கள். ‘டெராரியா’ விளையாட்டின் நிறுவனம் ஒரு லட்சம் டாலரும், அதன்பின் மாதம் ஆயிரம் டாலரும் தருவதாக அறிவித்தது. கூட்டம் வந்தபோது மேசையும் நோட்டும் வாசலில் தயாராக இருந்தன. நியூகிரவுண்ட்ஸில் 2021 ஏப்ரலில் ‘ஃபிரைடே நைட் ஃபங்கின்’ விளையாட்டின் புதிய பகுதி வெளியானபோது வந்த கூட்டத்தில் தளமே படுத்துவிட்டது. அதே மாதம் அந்த விளையாட்டுக்கென்று வேறொரு தளத்தில் தனியாகத் திரட்டத் தொடங்கிய நிதி 20 லட்சம் டாலரைத் தாண்டியது. கூட்டம் ஓரிடத்தில், பணம் வேறிடத்தில் என்பது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உங்கள் உறுப்பினர்களில் வெளிநாட்டினர் இருந்து, அவர்களிடம் ‘நன்கொடை’ என்ற பெயரில் வாங்கினால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரலாம். வணிக முறையில் ஒரு சேவைக்குக் கட்டணமாகப் பெறுவதை அந்தச் சட்டம் வேறாகப் பார்க்கிறது. எனவே பணம் கேட்கும் பக்கத்தில் என்ன சொல் எழுதுவது என்பதை முடிவு செய்யும் முன் ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கோயம்புத்தூர் நண்பரே, கடந்த மூன்று மாத சர்வர் பில்லை அப்படியே உறுப்பினர்கள் பார்க்கும்படி தளத்தில் போடுங்கள். கீழே, நீங்கள் நான்கு பேரும் ஆளுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். போட்ட ஒரு வாரத்தில் எத்தனை பேர் “நானும் தருகிறேன்” என்கிறார்கள் என்று எண்ணி எனக்கு எழுதினால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆண்டுச் சந்தாவை எவ்வளவு வைப்பது என்று அடுத்த காணொளியில் கணக்குப் போட்டுவிடுவோம்.