குடியை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். என்னை அறிமுகப்படுத்தியவர் என் பெயரைச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். நான் போகிற இடம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிற அமைப்பு. மரபுகள் என்று 12 நெறிகள் அதற்கு உண்டு. பத்திரிகை, வானொலி, சினிமாவில் உறுப்பினர் தன் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது 11-வது மரபில் வருகிறது. அந்த அமைப்பின் சார்பாகவும் நான் பேச வரவில்லை. ஒரு குடிநோயாளியாக, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நிறுத்துவதற்கு நான் செய்யாதது இல்லை. கோயிலில் கயிறு கட்டினேன், மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டு தொடாமல் இருந்தேன். மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே கடைக்குப் போய்விட்டேன். விரதத்துக்கு ஒரு கடைசி நாள் இருந்தது, அந்த நாளை நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். 48 நாள் முடிந்தவனுக்கு 49-வது நாள் என்ன ஆனது என்று உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் அழுதார்கள், வெளியே திட்டினார்கள்.

அப்போது ஒரு டாக்டர்தான் ஏஏ கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். "முதல்ல குடிய நிறுத்திடுறேன் சார், அப்புறம் போறேன்" என்றேன். இன்றைக்கு நான் பேச வந்ததே இந்த ஒரு பதிலைப் பற்றித்தான், ஏனென்றால் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வாயிலிருந்து இதையே கேட்டுவிட்டேன். காய்ச்சல் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று யாராவது சொல்வோமா? உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கட்டணமும் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள்.

இருந்தாலும் இரண்டு நாள் கூட்டம் நடக்கிற இடத்துக்கு எதிர்ச்சாரியில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள்தான் உள்ளே போனேன். ஒரு ஆரம்பப் பள்ளி வகுப்பறை, கரும்பலகையில் ஏழாம் வாய்பாடு அழியாமல் இருந்தது, குழந்தைகள் பெஞ்சில் பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் எல்லோருக்கும் டம்ளர் நிறைய ஊற்றினார், எனக்கு மட்டும் பாதி. என் கை நடுங்குவதை அவர் பார்த்திருக்கிறார். குடித்து முடித்ததும் மீதிப் பாதியை ஊற்றினார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசு என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒவ்வொருவராக "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து அவரவர் கதையைச் சொன்னார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்ததை ஒருவர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. அது என் கதை.

இது ஆரம்பித்த விதமும் இப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த பில் என்பவர், வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டல் முகப்பில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது, பக்கத்திலேயே பார். அவர் அங்கே போகாமல் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடுகிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் பேசுவேன் என்று வந்த பாப், ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர், இரவு பதினொன்றுக்குத்தான் எழுந்தார். ஜூன் 10-இல் அவர் கடைசியாகக் குடித்தார், அந்த நாளைத்தான் ஏஏ தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள், குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும். ஒன்று மட்டும் முக்கியம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கூட்டம் மருத்துவத்துக்குப் பதில் கிடையாது, இரண்டும் வேண்டும்.

குடிப்பவர் வீட்டில் இருக்கிற அம்மாக்களே, தங்கைகளே, குடியை நிறுத்த என்று அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள், அதன் மேல் அவர் குடித்தால் உயிர் போகலாம். உங்களுக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் இருக்கிறது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கூட்டம் ஏழு மணிக்கு என்றால் ஆறே முக்காலுக்கே போய்விடுங்கள், டீ நேரத்தில்தான் நாலு பேர் பழக்கமாவார்கள். வரும்போது ஒருவருடைய போன் நம்பரையாவது வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், கடை இருக்கிற தெரு வழியாகப் போகாதீர்கள், கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை. வணக்கம்.