கர்ப்பப்பையை எடுத்த பிறகு கதிர்வீச்சு எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் நான். கருப்பையின் உட்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்த பிறகு சிலருக்குக் கதிர்வீச்சும் தரப்படுவது ஏன் என்பதைப் பேச வந்திருக்கிறேன். நம் வீடுகளில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். நானும் இடையிடையே அப்படியே சொல்லிவிடுவேன்.

இந்த நோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே வருகிறது. உடற்பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல். மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அப்படிக் காட்டுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இருப்பவர்களுக்கோ, நோய் கருப்பையைத் தாண்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும் நல்வாய்ப்பு கிடைக்கிறது.

அறுவைச் சிகிச்சையில் கருப்பை, கருப்பை வாய், இரு சினைப்பைகள், கருக்குழாய்கள் ஆகியவற்றை எடுத்துவிட்டு, பெண்ணுறுப்புப் பாதையின் மேல்முனையைத் தைத்து மூடிவிடுகிறார்கள். அந்தத் தையல் இருக்கும் இடத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இன்று நான் சொல்லப்போவதில் பாதி அந்த இடத்தைப் பற்றியது. முதல் நிலையில் பிடிபட்ட நோய் திரும்பி வருமானால், அது அடிவயிற்றுப் பகுதியில் பெரும்பாலும் அந்த மேல்முனையில்தான் வருகிறது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத சில உயிரணுக்கள் அங்கே தங்கியிருக்கலாம். கதிர்வீச்சு அவற்றைக் குறிவைத்தே தரப்படுகிறது. அறுவைச் சிகிச்சை சரியாக நடக்கவில்லை என்பதோ, மருத்துவர் எதையோ மிச்சம் வைத்துவிட்டார் என்பதோ இதற்குப் பொருளே அல்ல.

எல்லோருக்கும் இது தேவைப்படுவதும் இல்லை. எடுத்த கருப்பையை நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து ஓர் அறிக்கை தருகிறார். புற்று கருப்பையின் தசைச் சுவரில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா, அதன் உயிரணுக்கள் எவ்வளவு முரட்டுத்தன்மை கொண்டவை, நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் நிணநீர்க் குழாய்களிலும் நுழைந்திருக்கின்றனவா, கருப்பை வாயையோ நிணநீர் முடிச்சுகளையோ தொட்டிருக்கிறதா என்பனவெல்லாம் அதில் இருக்கும். இப்போது புற்றின் மரபணு வகையையும் சோதித்துப் பார்க்கிறார்கள். இவற்றை வைத்தே கதிர்வீச்சு வேண்டாமா, வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த வகை, கீமோதெரபியும் சேர வேண்டுமா என்பது முடிவாகிறது. ஆகவே அந்த அறிக்கையின் நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். அதை உங்களுக்கு விளக்கிச் சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள்.

நெதர்லாந்தில் போர்டெக் என்ற பெயரில் வரிசையாகச் சில ஆய்வுகள் நடந்தன. 2000ஆம் ஆண்டில் வெளியான முதல் ஆய்வில், முதல் நிலை நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட எழுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதியினருக்கு அடிவயிறு முழுவதற்கும் வெளியிலிருந்து கதிர்வீச்சு தந்தார்கள், மறு பாதியினருக்குத் தரவில்லை. ஐந்தாண்டுகளில் அடிவயிற்றுப் பகுதியில் நோய் திரும்பியது தராதவர்களில் 14 விழுக்காட்டினருக்கு, தந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்கு. ஆனால் உயிர் வாழ்ந்தவர்களின் விழுக்காட்டில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பெண்ணுறுப்புப் பாதையில் திரும்பிய நோயைப் பலருக்குப் பிறகு சிகிச்சை தந்து சரிசெய்ய முடிந்தது என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே ஆரம்ப நிலையில், நோய் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவாக உள்ளவர்களுக்குக் கரண்ட் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை.

நோய் திரும்புவது பெரும்பாலும் மேல்முனையில்தான் என்றால், அங்கே மட்டும் கொடுத்தால் போதாதா? இந்தக் கேள்விக்கு 2010இல் வெளியான இரண்டாவது ஆய்வு விடை தந்தது. 427 பெண்களில் ஒரு பிரிவினருக்கு வெளியிலிருந்தும், மற்றவர்களுக்கு உள்ளே வைத்தும் கதிர்வீச்சு தந்தார்கள். இரு பிரிவிலும் பெண்ணுறுப்புப் பாதையில் நோய் திரும்பியது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகளோ, உள்ளே வைத்தவர்களுக்கு மிகவும் குறைவாக இருந்தன.

இந்த உள்சிகிச்சைக்குப் பிராக்கிதெரபி என்று பெயர். வழவழப்பான உருளை ஒன்றைப் பெண்ணுறுப்புப் பாதையில் வைத்து, அதனுள் இரிடியம் என்ற கதிர்வீச்சுப் பொருளின் சிறு துணுக்கைக் கம்பி முனையில் இயந்திரம் அனுப்புகிறது. சில நிமிடங்கள் கழித்துத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கத்தி கிடையாது, பெரும்பாலும் மயக்க மருந்தும் கிடையாது. சில அமர்வுகளில் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம், உடலில் கதிர்வீச்சு எதுவும் தங்குவதில்லை. வெளியிலிருந்து தருவது வேறு. அது வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம் வரை போகும். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், வலி இருக்காது.

தாராவியில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா எங்கள் பிரிவுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "அம்மாகிட்டே நோய்ப் பேரைச் சொல்லாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டாங்க, கர்ப்பப்பையிலே புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம்" என்று மகன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் மகனே விடை சொன்னார். அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. சிகிச்சை தொடங்கிச் சில வாரத்தில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அடிவயிற்றில் கரண்ட் வைக்கும்போது குடலிலும் படுவதால் பலருக்கு வருவதுதான். அதோடு அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

விடாமல் தொலைபேசியில் அழைத்து ஒருவழியாக வரவழைத்தோம். மகன் பணம் கட்டும் இடத்துக்குப் போன நேரம் பார்த்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கர்ப்பப்பையைத்தான் எடுத்துட்டாவல்லா, பெறவு எதுக்கும்மா கரண்டு வைக்காவ? புண்ணு குடலுக்குப் போயிட்டுன்னு எல்லாரும் மறைக்கியளோ?" என்ன நோய் என்றே சொல்லப்படாதவர், வயிற்றுப்போக்கை நோய் பரவியதாகவும், கரண்ட் வைப்பதை அறுவைச் சிகிச்சை தோற்றதாகவும் தாமே கணக்குப் போட்டுக்கொண்டு, இனி எதற்கு அலைய வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மகனையும் உடன் வைத்துக்கொண்டு மருத்துவர் அவரிடம் நோயின் பெயர் முதல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அழுதார். அழுது முடித்துவிட்டு, மறுநாள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார். மீதிச் சிகிச்சையை ஒரு நாளும் தவறாமல் முடித்தார்.

அன்பினால்தான் மறைக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர் உடல், அவர் நோய். இத்தனை வாரம் மேசையில் படுக்கப்போகிறவரும் அவர். அவருக்குத் தெரியாமல் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. மகன்களும் மருமகள்களும் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மாவிடம் சொல்லுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தினமும் லோக்கல் ரயிலில் வருபவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் பயணம் செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், மருத்துவமனைச் சான்றைக் கையில் வைத்திருங்கள். தோலில் போட்ட குறிகளைத் தேய்த்துக் கழுவக் கூடாது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாமல் பருத்தி உடை உடுத்துங்கள். வயிறு போகும் நாள்களில் கீரையும் காரமும் குறைத்து, நீரை மிகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

நேரம் முடியப்போவதாகக் கைகாட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. கதிர்வீச்சுக்குப் பிறகு பெண்ணுறுப்புப் பாதை வறண்டு சுருங்கலாம். அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டைலேட்டர் என்ற சிறு கருவியைப் பயன்படுத்தச் சொல்வார்கள். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, பின்னாளில் மருத்துவர் பரிசோதிப்பதற்கும் அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும். ஆகவே கணவரை இழந்தவர்களும், வயதாகிவிட்டது என்று நினைப்பவர்களும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். வெட்கமாக இருந்தால் செவிலியரிடம் தனியாகக் கேளுங்கள். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். அந்தக் காலத்தில் வரச்சொன்ன தேதிகளைத் தவறவிடாதீர்கள். இடையில் இரத்தம் பட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே வந்துவிடுங்கள். வணக்கம்.