ஆச்சி சொல்லாத பெயர்

(பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடிய வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களைப் பார்த்தே பேசுகிறேன்.

எங்கள் ஆச்சி தாத்தாவின் பெயரைச் சாகும்வரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் "குடும்பத் தலைவர் பேரு என்னம்மா?" என்று கேட்டால், "முருகனுக்கு எத்தன முகம்? அதான்" என்பாள். அந்தப் பெயரைத்தான் எனக்கும் வைத்தார்கள். அதனால் ஆச்சிக்கு நான் எப்போதும் "ஏல ராசா"தான். உங்களில் பலருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் இருக்கும்.

உர்சுலா கே. லெ குவின் 1968இல் இளையோருக்காக எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலைத் திறந்தபோது, இந்த வழக்கம்தான் எனக்குக் கைகொடுத்தது. கடலும் தீவுகளுமான ஓர் உலகம். அங்கே ஆளுக்கு இரண்டு பெயர். ஊர் கூப்பிடுவது ஒன்று. உயிருக்கு நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்லும் மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயர் தெரிந்துவிட்டால் அந்த ஆள் உங்கள் கைக்குள். மந்திரம் கற்பது என்றாலே பொருள்களின் மெய்ப்பெயரைக் கற்பதுதான். மந்திரப் பள்ளி மாணவர்கள் ஒரு தனிக்கோபுரத்தில் உட்கார்ந்து பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள், அந்தக் காலத்தில் நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியைப் படித்த மாதிரி. நள்ளிரவில் தாளிலுள்ள எழுத்து மறைந்துவிடும். அதற்குள் படித்தாக வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மாயக்கதையை நான் வேறு பார்த்ததில்லை.

கதாநாயகன் கெட், ஆடு மேய்த்த பையன். ஜாஸ்பர் என்ற சக மாணவன் சீண்ட, வீம்புக்கு, செத்தவர்களில் ஒருத்தியை எழுப்பிக் காட்டுகிறேன் என்று மந்திரம் சொல்கிறான். அந்த மந்திரத்தில் இருட்டில் ஒரு வெடிப்பு விழுகிறது. அதன் வழியாக ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. வெடிப்பை அடைக்கத் தலைமை மந்திரவாதி தன் உயிரையே கொடுக்கிறார். ஒரு பையனின் வீம்புக்கு இவ்வளவு பெரிய விலையா என்று கேட்கத் தோன்றும். ஆசிரியர் அதைக் குறைத்துச் சொல்வதே இல்லை.

பிறகு நிழல் துரத்துகிறது, கெட் ஓடுகிறான். ஓட ஓட அதற்குப் பலம் கூடுகிறது. கடைசியில் பழைய குரு ஓகியன், திரும்பி நில் என்கிறார். அன்றிலிருந்து துரத்துகிறவன் கெட். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாதான் ஞாபகம் வந்தது. நடுச்சாமத்தில் சுடலைமாடன் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். மேளம் நின்றுவிடும். ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். எல்லோரும் பயப்படும் திசையில் ஒரே ஒரு ஆள் நடந்து போவார். நாவலின் கடைசிப் பகுதி முழுக்க அந்த நடைதான். கடைசியில் கெட் அந்த நிழலை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சேர வேண்டிய இடம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் கறுப்பு. ஊர்களைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளைத் தோல்காரர்கள். 1968இல் ஓர் அமெரிக்கப் பெண் இப்படி எழுதினார் என்பது எனக்குப் பெருமதிப்பு.

குறைகளுக்கு வருகிறேன். கதை உயரத்தில் நின்று, பழைய சரித்திரம் சொல்வதுபோல் சொல்லப்படுகிறது. பேச்சு குறைவு. கடல் பயணம் சில இடங்களில் இழுக்கிறது. உங்களுக்குக் கண்ணைச் சுற்றலாம். ஜாஸ்பரை ஓரிரு வரியில் அனுப்பிவிடுகிறார்கள். அவன் மனதில் என்ன ஓடியது என்று தெரியவே இல்லை.

எனக்கு ஆறாத குறை வேறு. கெட்டுக்கு முதல் மந்திரச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது அவனுடைய பெரிய குரு இல்லை. ஆட்டைக் கூப்பிடும் சொல்லை அவன் காதில் வாங்கியது தாயுடன் பிறந்தவளிடமிருந்து. அவள் ஊர் மந்திரக்காரி. பிறகு அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. அவனிடம் இருக்கும் ஆற்றலை முதலில் கண்டவளும் அவளே. பெயர்தான் எல்லாம் என்று சொல்லும் நாவலில் அவளுக்குப் பெயர் இல்லை! அவன் அப்பனுக்கும் இல்லைதான். ஆனால் அப்பன் குருவாக இருக்கவில்லையே. மந்திரப் பள்ளியில் பெண்பிள்ளைக்கு இடமில்லை. பெண்ணின் மந்திரம் பலமற்றது, தீயது என்று அந்த ஊர்ச் சொலவடைகள் சொல்கின்றன, கதையும் அதை மறுக்கவில்லை. வெட்சின் தங்கை, 'யாரோ' (Yarrow) என்று பெயர், அடுக்களையில் நின்றுகொண்டு கெட்டிடம் நல்ல நல்ல கேள்வியாகக் கேட்கிறாள். சில பக்கங்களில் அவளையும் கரையில் விட்டுவிட்டுப் படகு கிளம்பிவிடுகிறது.

எங்கள் ஆச்சியையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் "மூத்தவன் அம்மா". அவள் பெயரை நான் முதன்முதலில் படித்தது அவளுடைய இறப்புச் சான்றிதழில்.

லெ குவின் இந்தக் குறையை உணர்ந்தவர். 22 வருடம் கழித்து, 1990இல், கெட் பிறந்த தீவுக்கே திரும்பி 'தெஹானு' எழுதினார். அதில் கதை ஒரு நடுவயது விதவையைச் சுற்றி நடக்கிறது. மந்திரம் இழந்த கெட் ஆடு மேய்க்கிறான். அது கொஞ்சம் கடுமையான கதை, பதினாறு வயதுக்குப் பிறகு படியுங்கள். முதல் நாவலை இப்போதே எடுங்கள். வீட்டில் ஆச்சி இருந்தால், ஒவ்வோர் அத்தியாயத்தையும் படித்துவிட்டுத் தமிழில் அவர்களுக்குச் சொல்லுங்கள். முதல் நாள் கதை தொடங்கும் முன்னால் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.