தீபாவளிக்குள் ஒருவரை வெளியே அழைத்துப் போங்கள்

அவைத்தலைவர் அவர்களே, நம் சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அடித்தள ஆலோசகர் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, தாத்தாமார்களே, பாட்டிமார்களே, நாற்காலியைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கும் தொண்டூழியத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆலோசகர் அவர்களுக்கு இன்று மாலை இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இருந்தும் முதல் ஆளாக வந்து, ஒவ்வொரு மேசையாகப் போய்க் கைகூப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவருக்கு நம் நன்றி. செயற்குழுத் தலைவர் என்னை அழைக்க வீட்டுக்கே வந்தார். தொலைபேசியில் சொன்னாலே போதும், வந்திருப்பேன். விடியற்காலையில் எழுந்து நமக்காகச் சுண்டல் அவித்த மகளிர் குழுவினருக்குத் தனியாக ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

பருவத்துப் பலகாரம், நட்பு, மூத்தோர் உடல்நலம் என்று மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் இலையுதிர் காலம் ஏது என்று கேட்பீர்கள். சரிதான், நம் மரங்கள் ஆண்டு முழுக்கப் பச்சையாகத்தான் நிற்கின்றன. ஆனால் சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமி நெருங்கினால் சைனாடவுனில் விளக்கு ஏறிவிடும், கடைகளில் அந்த விழாவுக்கான மூன்கேக் என்ற சீன இனிப்பை அடுக்கிவிடுவார்கள். நமக்கு அது பெரும்பாலும் புரட்டாசி. அப்புறம் ஐப்பசி அமாவாசையை ஒட்டித் தீபாவளி. 2024இல் செப்டம்பர் 17 மூன்கேக் விழா, தீபாவளி அக்டோபர் 31. நடுவில் ஒன்றரை மாதம். 2025இல் அக்டோபர் 6, அக்டோபர் 20, இரண்டே வாரம். இந்த இரண்டு பண்டிகைகளுக்கும் இடைப்பட்ட நாள்களை வீட்டுக்குள் கழிப்பது வீண் என்பது என் கட்சி. தனிமரம் தோப்பாகாது. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை, இன்றும் விடமாட்டேன்.

எனக்கொரு நண்பர். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். "வாடா, சைனாடவுன் போய்ட்டு வரலாம்" என்றேன். "இந்த முட்டியை வச்சிக்கிட்டு எங்கடா வர்றது?" என்றார். "ரயில்தான்டா நடக்கப்போகுது, நீ ஏறி உட்கார்ந்தா போதும்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

அது புரட்டாசிச் சனிக்கிழமை. அவர் சைவம். மூன்கேக் கடையில் ஒரு சீனப் பாட்டி, தாமரை விதை விழுதுக்கு நடுவே உப்பு முட்டைக் கரு வைத்த கேக்கை வெட்டி, பல்குத்தும் குச்சியில் குத்தி நீட்டுகிறார். நண்பர் பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், "தெலூர் அடா?" என்று கேட்டார். முட்டை இருக்கிறதா என்கிறார். பாட்டி உடனே அதைக் கீழே வைத்துவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து பாண்டான் இலைப் பச்சை நிறத்தில் வேறொன்றை எடுத்தார். பச்சரிசி மாவுபோல மெத்தென்ற தோல், உள்ளே பாசிப்பயற்று விழுது. "தெலூர் தாடா, தாடா!" நண்பர் வாயில் போட்டார், கண்ணை மூடினார். "டேய், இது ஐஸ்பெட்டிக்குள்ள வச்ச கொழுக்கட்டைடா!"

என்ன சொல்கிறார் என்று பாட்டி கேட்க, நண்பர் விளக்க ஆரம்பித்தார் பாருங்கள். எங்கள் வீட்டிலும் இதே காச்சாங் ஹிஜாவ், அதாவது பாசிப்பயறுதான் பூரணம், ஆனால் வெல்லம் சேர்ப்போம், கெலாப்பா, அதாவது தேங்காய், துருவிப் போடுவோம், ஆவியில் வேகவைப்போம் என்று கையாலேயே கொழுக்கட்டை பிடித்துக் காட்டினார். பாட்டி இன்னொரு துண்டு கொடுத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, இரண்டு பேரும் விடுவதாக இல்லை. கம்பம் என்ற பழைய கிராமத்துக் குடியிருப்பில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளோடு கண்ணாடித்தாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது வரை பேசிவிட்டுத்தான் கிளம்பினார். போகும்போது பாட்டி ஒரு பம்பளிமாஸ் பழத்தைக் கையில் திணித்துவிட்டார்.

அதைச் சுமந்துகொண்டே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நடந்தோம். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ பள்ளிவாசல், பக்கத்திலேயே 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். தீமிதி நெருங்கும் நேரம். இளவயதில் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து இங்கே நடந்து வந்து தீ மிதித்தவர் அவர். வாசலில் வெகுநேரம் நின்றார். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

சைனாடவுனிலிருந்து லிட்டில் இந்தியா மூன்றாவது நிறுத்தம். கேம்பல் லேனில் ஓர் அம்மா, வெந்த அதிரசத்தை இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நண்பர், "பாகு பதம் தப்பிட்டா எண்ணெயில பிரிஞ்சு போயிடும்னு அவ சொல்லுவா" என்றார். மனைவி போனபிறகு அவரைப் பற்றி என்னிடம் அவர் பேசியது அன்றுதான். மழை பிடித்துக்கொண்டது. கடைவாசலில் ஒதுங்கி நின்று, சூடான அதிரசத்தைப் பிட்டுத் தின்றபடி அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அன்பர்களே, 2030க்குள் சிங்கப்பூரர்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கம் சொல்லிவருகிறது. தீபாவளிக்கு மூத்தோருக்கு அன்பளிப்புப் பை கொடுக்கிறோம். நல்ல காரியம், தொடரட்டும். ஆனால் கதவைத் தட்டி, பையைக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பையில் இருக்கும் முறுக்கை அவர் யாரோடு உட்கார்ந்து தின்பார்? தனிமரம் தோப்பாகாது. பையோடு ஒரு பகலையும் கொடுங்கள் என்றுதான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளைகள்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. அதே மாடியில் குடியிருக்கும் நீங்கள் செய்யலாம். சீன அண்டைவீட்டாரையும் சேர்த்து அழைத்துப் போங்கள், மூன்கேக்கில் எது சைவம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்!

உடல்நலம் பற்றிச் சொல்வதாக இருந்தேன். நேரமாகிவிட்டது என்று அவைத்தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இனிப்பை அளவாகச் சாப்பிடுங்கள், அது போதும்.

வாசல் மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறோம். அழைத்துப் போக முடிந்தவர்கள் ஒன்றில் பெயர் எழுதுங்கள். வெளியே வர ஆசைப்படும் மூத்தோர் மற்றதில் எழுதுங்கள், புளோக் எண்ணையும் மறக்காமல் போடுங்கள். முதல் குழு அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த மன்ற வாசலிலிருந்தே கிளம்புகிறது. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் தம்பிகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.