ஃபிரிட்ஜுக்குள் ஒரு சாட்சி

வணக்கம் நேயர்களே.

2018 ஜனவரி, ஒரு காலை நேரம். ஹரியானாவில் குருகிராமுக்குப் பக்கத்தில் உள்ள பாஜில்பூர் பாத்லி கிராமத்தில், கோதுமை வயலில் பெரிய சத்தத்தோடு ஏதோ வந்து விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு பனிக்கட்டி. பத்து கிலோ இருக்கும் என்று செய்திகளில் வந்தது. வேற்றுக் கிரகத்துப் பொருள் என்று சிலர், அபூர்வமான கனிமம் என்று சிலர். உடைத்தெடுத்து வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு. கடைசியில் அதிகாரிகள் சந்தேகப்பட்டது விமானக் கழிவறையை!

சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் இதற்கு இரண்டு வருடம் முன்னால், 2015 டிசம்பரில், மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்தில் இதேபோல் விழுந்த கட்டி ஒன்று ஒரு முதிய பெண்ணின் தோளைப் பதம் பார்த்துவிட்டது. அங்கேயும் சந்தேகம் விமானத்தின் மேல்தான்.

விமானி வேண்டுமென்றே கொட்டுவதில்லை. பறக்கும்போது கழிவுத் தொட்டியைத் திறக்க வழியே கிடையாது. தரையில் இறங்கிய பிறகு தொட்டியைக் காலி செய்வதற்காக வெளிப்பக்கம் ஒரு வால்வு இருக்கும். அது சரியாக மூடவில்லை என்றால் கசியும். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் வெளியே மைனஸ் ஐம்பது டிகிரிக் குளிர். கசிந்தது அப்படியே உறைந்து விமானத்தின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வளரும். தரையிறங்க வரும்போது காற்று வெதுவெதுப்பாக, பிடி தளர்ந்து கீழே விழும். கிருமிநாசினி கலந்த திரவம் நீலமாக இருப்பதால் 'நீலப் பனி' என்றே இதற்குப் பெயர். டெல்லி விமான நிலையத்துக்கு அருகே வசித்த ஒருவர் தொடுத்த வழக்கில், இப்படிக் கழிவு விழுந்தால் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது.

ஆக, மர்மம் முடிந்ததா? பெரும்பாலும் முடிந்தது. ஆனால் எல்லாமே கழிவறை இல்லை.

1973 ஏப்ரல் 2, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் தெருவில் போய்க்கொண்டிருக்கிறார். சற்று முன்புதான் பெரிய மின்னல் ஒன்று வெட்டியிருந்தது. அவருக்கு அருகிலேயே ஒரு பனிக்கட்டி விழுந்து சிதறுகிறது. மனிதர் பெரிய துண்டை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய் ஃப்ரீசரில் வைத்துவிட்டார்! பிறகு வெட்டிப் பார்த்தபோது வெங்காயம் மாதிரி 51 அடுக்குகள். தண்ணீர், மேகத்துத் தண்ணீர்தான். ஆனால் அமைப்பு வழக்கமான ஆலங்கட்டியோடு ஒத்துப்போகவில்லை.

அப்புறம் ஸ்பெயின். 2000 ஜனவரியில் பத்து நாட்களுக்குள் பல ஊர்களில் கட்டிகள் விழுந்தன. சில ஒரு கிலோவுக்கு மேல். கார் ஒன்று நசுங்கியது. வானமோ தெளிவு. செய்தி பரவியதும், வீட்டு ஐஸைக் கொண்டுவந்து 'வானத்திலிருந்து விழுந்தது' என்று காட்டிய குறும்பர்களும் கிளம்பினார்கள். எந்த ஊரில்தான் இல்லை! போலிகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஆராய்ந்தவர் ஹெசூஸ் மார்த்தினெஸ் ஃப்ரீயாஸ் என்ற புவியியலாளர். வேதியியல் சோதனையில் அவை மழைநீரோடு ஒத்துப்போயின. 'மெகாகிரயோமீட்டியர்' என்று பெயரும் வைத்தார்.

எப்படி உருவாயின என்பதில்தான் சிக்கல். ஆலங்கட்டி வளர இடிமேகம் வேண்டும். மேல்நோக்கி வீசும் பலத்த காற்று அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். 1986-இல் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த ஒரு கிலோ ஆலங்கட்டிதான் எடையில் உலக சாதனை. அதுவும் கடும் புயலில் விழுந்தது. மேகமே இல்லாத வானத்தில் அதைவிடப் பெரியது எப்படி வளரும்? உயரத்தில் காற்று அடுக்குகளின் நிலை மாறியதே காரணம் என்றார் மார்த்தினெஸ் ஃப்ரீயாஸ். மற்ற வானிலை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அந்த விளக்கம் போதவில்லை. தாங்கிப் பிடித்தது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்த வழக்கில் சாட்சி உருகிவிடும் என்பதுதான் பெரிய தொல்லை. விண்கல் நூறு வருடம் கழித்தும் அருங்காட்சியகத்தில் இருக்கும், பனிக்கட்டி மதியத்துக்குள் ஈர மண். அதனால் பாத்லி கிராமத்தாரை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் செய்ததும் கிரிஃபித்ஸ் செய்ததும் ஒன்றுதான்.

உங்கள் வாசலில் விழுந்தால் கையுறை போட்டு எடுங்கள். சுத்தமான பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மணி எத்தனை, மேகம் இருந்ததா, விமானச் சத்தம் கேட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நீலமாகத் தெரிந்தால் மட்டும், முதலில் குழந்தைகளின் ஐஸ்கிரீமை வெளியே எடுத்துவிடுங்கள்.

வணக்கம்.